மேற்படி ஊர்

2 மே 2012, புதன்

உத்தரவு வந்துவிட்டது. இம்மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் கோட்டாட்சியர் அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாற வேண்டும். புதுக் கட்டடத்தில் கோட்டாட்சியரின் குளியலறைக்கு இரண்டு சன்னல் வைத்திருக்கிறார்கள். பதிவறைக்குச் சன்னல் இல்லை; அளவும் இப்போதிருப்பதில் பாதி. ஆகவே நூற்றுப்பத்து ஆண்டுக் காகிதத்தில் பாதியை அழித்துவிட்டு மீதியோடு வரச் சொல்கிறார்கள். எந்தப் பாதி என்று தீர்மானிக்கும் பொறுப்பு தலைமை உதவியாளர் வைகுண்டத்துக்கு, அதாவது எனக்கு. அதே முப்பத்தொன்றாம் தேதி எனக்கு ஓய்வு. அழிக்கிறவனையும் அன்றே கழித்துவிடுவது சிக்கனம்தான்.

முறை எளிது. ஒரு கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளை எழுத்தர் மேலட்டையில் எழுதிவிடுவார். ஓ.மு. என்றால் ஓராண்டு. மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு. நி.மு. என்றால் நிரந்தரம், கரையான் வரும்வரை. மனிதர்களுக்கு இப்படி முன்கூட்டி எழுதிவைக்காதது நிர்வாகக் குறைபாடு என்று மனைவி சொர்ணத்திடம் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

3 மே

வீட்டிலும் அதே வேலையைத் தொடங்கினேன். சொர்ணம் போய், வருகிற ஜூன் ஒன்பதோடு ஓராண்டு. ஓராண்டு ஆனதை வைத்திருக்க விதியில் இடமில்லை.

பட்டுப் புடவைகள் அவள் தங்கைக்கு. மருந்துச் சீட்டுகளை எரித்தேன். பரணில் ஒரு தகரப் பெட்டி. அதில் நோட்டுகள் பதினேழு: சமையல் குறிப்பு, தையல் அளவு, தாலாட்டுப் பாட்டு (எங்களுக்கு எதற்கு என்று தெரியவில்லை), மேலட்டையில் ‘கோலம்’ என்று எழுதிய பச்சை நோட்டு ஒன்று. பச்சை நோட்டில் ஒரு பக்கம் புரட்டினேன். புள்ளி, கோடு. கோலம்தான். மேலட்டையைப் பார்த்து வகைப்படுத்துவது பதிவறை மரபு. உள்ளே படிக்கத் தொடங்கினால் ஒருவரும் ஓய்வு பெற முடியாது. பதினேழையும் செய்யது பாயின் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டு வந்தேன்.

செருப்பு ஒரு ஜோடி. தீர்மானிக்க முடியவில்லை. நிலுவை.

7 மே, திங்கள்

மனு நாள். முப்பத்தோரு மனுக்கள். முப்பது வழக்கமானவை.

முப்பத்தோராவது ஆள் ஒரு பெண். இருபத்தேழு வயது இருக்கும். பெயர் ரூபி. அரசு ஆஸ்பத்திரியில் புறநோயாளிச் சீட்டு எழுதும் வேலையாம். ஒரு துண்டுத் தாளை நீட்டினார். ந.க. அ2/3417/1989.

“இந்த ஃபைல பாக்கணும் சார்.”

“என்ன விஷயம்?”

“நாலு வயசுல என்னையும் எங்கண்ணனையும் செங்கச்சூளையில இருந்து மீட்டாங்களாம். கொத்தடிமை கேஸு. ரெண்டு பேரையும் வேற வேற ஹோம்ல சேத்துட்டாங்க. ஹோம் ரிஜிஸ்டர்ல அம்மா பேரு இல்ல, ஊரு பேரு இல்ல. ‘விவரம் கோட்டாட்சியர் கோப்பில் காண்க’ன்னு இந்த நம்பர் மட்டும்தான் இருக்கு.”

“அண்ணன்கிட்ட கேக்கலாமே.”

“ஹோமுக்குப் போன ரெண்டாவது வருஷம் மஞ்சக்காமாலையில போயிட்டான் சார். ஊரு பேரு அவனுக்குத்தான் தெரியும். அவன் சொன்னத இந்த ஆபீஸ்ல வாக்குமூலமா எழுதினாங்கன்னு வார்டன் சொன்னாங்க. அம்மா இருந்தா இப்ப அறுபது வயசு இருக்கும்.” பிறகு சிரித்தார். “எனக்கு வேலையே அதான் சார். ஒரு நாளைக்கு இருநூறு பேருகிட்ட எந்த ஊருன்னு கேக்கேன்.”

அழிப்புப் பதிவேட்டை எடுத்துக் காட்டினேன். மேற்கண்ட கோப்பு ஓராண்டு முடிவாகையால் 14.10.1996 அன்று என் முன்னிலையில் தீயிட்டு அழிக்கப்பட்டது. கையொப்பம். அவர் விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே படித்தார்.

“இது யாரு கையெழுத்து சார்?”

“அப்போ இருந்தவரு.”

பொய் இல்லை. அப்போது நான் இருந்தேன்.

“அடுத்த திங்கக்கிழமை வாரேன் சார்,” என்றார்.

“எரிஞ்சு போச்சும்மா.”

“தெரியுது சார். இருந்தாலும் வாரேன்.”

8 மே

வெயில். ஓ.மு. கட்டுகள் நாற்பத்திரண்டு எண்ணியாயிற்று. இரவுக்கு ரசம் வைத்தேன். உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன்.

10 மே

குறிப்புக்காக எழுதிவைக்கிறேன், வேறு காரணம் இல்லை.

1989இல் அ2 இருக்கையில் நான் இளநிலை உதவியாளன். அந்த இரு குழந்தைகளும் இரண்டு இரவு அலுவலகக் கூடத்தில் தங்கினார்கள். சொர்ணம் சோறு கொண்டுவந்து ஊட்டினாள். அது அவள் வேலை இல்லை. சிறுவன் அவளிடம் ஊருக்குப் போகும் வழியை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். சின்னவள் என் மேசைமேல் ஏறி, தபால் கட்டைத் தலைக்கு வைத்துத் தூங்கினாள். “ஊருல இருந்து தகவல் வர்ற வரைக்கும் சின்னவ நம்ம வீட்டுல இருக்கட்டுமே,” என்று சொர்ணம் கேட்டாள். விதியில் இடமில்லை என்றேன். வீட்டில் இடம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

சிறுவன் சொன்ன ஊர் வேறு மாவட்டத்தில் இருந்ததால், தாயார் இருக்கிறாரா என்று அறிக்கை கேட்டு அங்கே எழுதினோம். பதில் வரவில்லை. நினைவூட்டு எழுதினோம். நினைவூட்டுக்கு நினைவூட்டு எழுதினோம். 1995 மார்ச்சில் நிலுவைக் கோப்பு ஒழிப்பு வாரம் வந்தது. ப.மு. என்று முடித்தால் தாள்களுக்கு எண் போட்டு, ஊசி நூலால் தைத்து, அட்டவணை எழுத வேண்டும். ஓ.மு. என்றால் சும்மா கட்டிப் போட்டால் போதும். அந்த வாரம் நான் எழுபத்தாறு கோப்புகளை முடித்தேன். மாவட்டத்திலேயே முதலிடம். பாராட்டுச் சான்றிதழ் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. அதற்குச் சட்டம் போட்டவள் சொர்ணம்தான்.

11 மே

பதிவறை எழுத்தர் சங்கிலி மத்தியானம் என் மேசைக்கு வந்து நின்றார். முப்பது வருடமாகக் கூட வேலை பார்க்கிறவர். இப்படி நின்றால் ஏதோ உடைந்திருக்கிறது என்று பொருள்.

“அண்ணாச்சி, தொண்ணூத்தாறுல ஒரு லோடு எரிச்சோம்லா.”

“ஆமா.”

“அதுல பாதி எரியல.”

“சான்றுல நான் கையெழுத்துப் போட்டிருக்கேனேவே.”

“நீங்க காலையிலயே போட்டுட்டீக. மழை மத்தியானம்லா வந்துச்சு. நனஞ்ச கட்டு எப்படி எரியும்? மாடிப்படிக்குக் கீழ தள்ளி, சாக்கப் போட்டு மூடிட்டேன். நீங்களும் கேக்கல, நானும் சொல்லல. இப்பக் கட்டடத்த ஒப்படைக்கணும்லா, அதான் சொல்லுதேன்.”

“பதினாறு வருஷமாவா?”

“ஓராண்டு முடிவுதான அண்ணாச்சி. எவன் தேடி வரப்போறான்னு நெனச்சேன்.”

14 மே, திங்கள்

மாடிப்படிக்குக் கீழே ஏழு கட்டுகள். ஐந்தாவதில் 3417 இருந்தது.

முதல் தாளைக் கரையான் தின்றுவிட்டது. அனுப்பிய கடிதங்களின் நகல்களும் அப்படியே மண்ணாகிவிட்டன. வாக்குமூலத்தின் இரண்டாம் பக்கம் முதல் ஐந்தாம் பக்கம் வரை பழுதில்லை. என் கையெழுத்து, இருபத்து மூன்று ஆண்டுக்கு முந்தையது, இப்போதையதைவிட அழகு.

நான் வரைவு எழுதுவதில் பெயர் பெற்றவன். ஒரு பெயரை ஒருமுறைதான் எழுத வேண்டும், பிறகு ‘மேற்படி’ என்றே குறிக்க வேண்டும் என்பது அன்றைய கோட்டாட்சியரின் கொள்கை; அதைப் பிசகாமல் கடைப்பிடித்தவன் நான் ஒருவன்தான். இரண்டாம் பக்கத்தை அப்படியே எடுத்தெழுதுகிறேன்:

“மேற்படி ஊரில் மேற்படி தாயார் உயிரோடு இருப்பதாகவும், மேற்படி தாயார் ஆடு மேய்ப்பதாகவும், மேற்படி சிறுமி இரவில் மேற்படி தாயாரைக் கேட்டு அழுவதாகவும், மேற்படி ஊருக்குத் தனக்கு வழி தெரியும் என்றும், விட்டால் தங்கையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடுவதாகவும் சிறுவன் கூறுகிறான்.”

மிஞ்சியது நான்கு பக்கம். ‘மேற்படி’ நாற்பத்தோரு முறை வருகிறது. ஊரின் பெயர் முதல் பக்கத்தில் ஒருமுறை எழுதியிருப்பேன்.

பெயர் நினைவிருக்கிறதா என்று என்னையே விசாரித்தேன். அப்போதெல்லாம் நாளுக்கு இருபது ஊர் எழுதுவேன்.

கடைசிப் பக்கத்தில் சிறுவனின் இடது கைப் பெருவிரல் ரேகை. மை கொஞ்சம் அதிகம் வைத்துவிட்டேன்.

ரூபி நாலு மணிக்கு வந்தார். எரிந்துவிட்டது என்று மறுபடி சொன்னேன். சரி சார் என்று போனார். கோப்பு என் மேசை இழுப்பறையில் இருந்தது.

15 மே

கோட்டாட்சியரிடம் விஷயத்தைச் சொன்னேன். முப்பது வயதுப் பிள்ளை. கெட்டவர் இல்லை.

“கோப்பு இருக்குன்னா சான்றிட்ட நகல் குடுத்துடலாமே சார்.”

“அழிச்சாச்சுன்னு பதிவேட்டுல இருக்கு. இல்லாத கோப்புக்கு நகல் குடுக்க முடியாது.”

“அப்ப அந்தப் பதிவேடு தப்புன்னு எழுதுங்க.”

“எழுதத்தான் வந்தேன். அது நான் குடுத்த சான்று.”

அவர் பேனாவை மூடினார். “சார், முப்பத்தொண்ணு வரைக்கும் பேசாம இருங்க. எழுதினீங்கன்னா நான் மேல அனுப்பணும். மேல இருந்து ஓய்வு பெறுற அன்னிக்கு சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு சஸ்பென்ஷன் வரும். அஞ்சே முக்கால்தான் அவங்களுக்கு ராசியான நேரம். கோப்பும் சாட்சிப் பொருளாப் போயிடும். அந்தப் பொண்ணுக்கு அதுவும் கெடைக்காது.”

சரியான வாதம். கோழைக்கு எப்போதும் சரியான வாதம் ஒன்று கிடைத்துவிடும்.

18 மே

துணி துவைத்தேன். காயவில்லை.

21 மே, திங்கள்

ரூபி ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். “சார், இத நீங்க பாக்கல. ஹோம்ல என் பேருக்கு வந்த கார்டு. நாலு இருக்கு. யாரு போட்டாங்கன்னு தெரியல. அட்ரஸ் இல்ல. முத்திரையில இந்த ஊரு பேரு இருக்கு. அதான் இங்க யாருக்காவது தெரியுமான்னு…”

அஞ்சலட்டைகள். 1991 முதல் 1994 வரை, ஒவ்வொரு தைப் பொங்கலுக்கும் ஒன்று. கீழே ‘அத்தை’ என்று கையொப்பம்.

கடைசி அட்டையை அவர் படித்துக் காட்டினார். “கண்ணு, இந்த வருடமும் உன் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். சூளைக்காரன் ஆள் இன்னும் வந்து மிரட்டிவிட்டுப் போகிறானாம். பிள்ளை இப்போது வரவேண்டாம், அங்கேயே சோறு தின்று படிக்கட்டும் என்று அழுகிறாள். நீ பெரியவளானதும் நானே கூட்டிப்போகிறேன். ஊருக்குப் பெயர்ப்பலகை கிடையாது, பஸ்ஸும் போகாது. மறந்துவிடக் கூடாது என்று வழியை எல்லாம் பச்சை நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன்.”

நான் அட்டையைக் கையில் வாங்கவில்லை. வாங்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த ‘ழ’வுக்குக் கீழே வாலைச் சுழிக்கும் விதம் எங்கள் வீட்டு மிளகாய்த்தூள் டப்பாமேலும் இருக்கிறது.

“தொண்ணூத்தஞ்சுல எங்க ஹோம மூடி வேற ஊருக்கு மாத்திட்டாங்க. அப்புறம் கார்டு வரல,” என்றார் ரூபி. “இந்த அத்தையத் தெரியுமா சார்?”

“விசாரிக்கேன்,” என்றேன்.

மாலை செய்யது பாயின் கடைவரை நடந்தேன். நடை உடம்புக்கு நல்லது.

22 மே

கடைவரை நடந்தேன். மூன்றாம் தேதி போட்ட கட்டு ஒன்பதாம் தேதியே லாரியில் ஏறிவிட்டதாம்.

23 மே

நடை. சிவகாசிக்குப் போகும் லாரியாம். “என்ன சார், பத்திரம் எதுவும் போட்டுட்டீங்களா?” என்று பாய் கேட்டார். “ஒரு கோல நோட்டு,” என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

24 மே

சிவகாசி. மூன்று குடோன்கள். வெடிக்குக் காகிதம் சுற்றுகிற இடத்தில் ஒரு பெண் சொன்னாள், “பதினஞ்சு நாளுக்கு முன்னாடி வந்ததா? அது சரமா ஆகி வெளியூருக்கே போயிருக்கும் ஐயா.”

ஆக, அதுவும் தீயிட்டு அழிக்கப்படும். முறைப்படி.

26 மே

சொர்ணம் ஒவ்வொரு தையிலும் ஒரு நாள் கோயிலுக்கு என்று விடிகாலையில் கிளம்பிப் போவாள். போன வருடம் முடியாத உடம்போடும் போனாள். எந்தக் கோயில் என்று நான் கேட்டதில்லை. தொண்ணூற்றைந்தில் ஒருமுறை, “அந்தப் பிள்ளைய எந்த ஹோமுக்கு மாத்தினாங்கன்னு உங்க ஃபைல்ல இருக்குமா?” என்று கேட்டாள். “அந்த ஃபைல முடிச்சாச்சு,” என்றேன். சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். பரிமாறி முடித்தாள்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நோட்டு, நோட்டு என்றாள். ஏதோ எழுத விரும்புகிறாள் என்று நினைத்துப் புது நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அந்தப் புது நோட்டில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

28 மே, திங்கள்

ரூபி வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறையாக இருக்கலாம். ஐந்தரை வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனுதாரர் வராத மனுவை ‘மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்று முடிக்கலாம் என்பது விதி. முடிக்கவில்லை.

31 மே, வியாழன்

வழியனுப்பு விழா. பொன்னாடை, சுவர்க்கடிகாரம், சந்தன மாலை. கோட்டாட்சியர் பேசும்போது, “முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் ஒரு துண்டுத் தாளைக்கூடத் தவறவிடாதவர்” என்றார். எழுதிக் கொடுத்தது யார் என்று தெரியவில்லை. சங்கிலி கைதட்டினார். அஞ்சே முக்கால் கடந்து போயிற்று. எந்த உத்தரவும் வரவில்லை.

ரூபி கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். சந்தன மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, படிக்கட்டருகே கூட்டிப் போய்க் கோப்பைக் கொடுத்தேன். நகல் இல்லை, அசல். அதற்கு எந்த விதியிலும் இடமில்லை.

நின்றபடியே படித்தார். மூன்றாம் பக்கத்தில் நிமிர்ந்தார்.

“சார், எல்லா இடத்துலயும் மேற்படின்னு இருக்கு. ஊரு பேரு எங்க?”

“முதல் பக்கத்துல.”

“முதல் பக்கம் எங்க?”

அவர் மறுபடி குனிந்து படித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் அண்ணனின் ரேகைமேல் தன் பெருவிரலை வைத்தார். அவர் விரல் பெரியதாக இருந்தது. அவனுக்குப் பதினோரு வயது.

“எழுதினது நான்தாம்மா,” என்றேன். “அழிச்சதாக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.”

“தெரியும் சார். ரெண்டு கையெழுத்தும் ஒண்ணாத்தான் இருக்கு.” தாள்களை உறையில், அட்டைகளோடு சேர்த்து வைத்தார். “அத்தைய விசாரிச்சீங்களா?”

“திங்கக்கிழமை வந்து சொல்லுதேன்.”

அவர் போன பிறகு பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். கோப்பு எண் 3417 இப்போது அலுவலகத்தில் இல்லை. பதினாறு ஆண்டு கழித்து என் சான்று உண்மையாகிவிட்டது.

4 ஜூன், திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. தலை நிமிராமலே, “பேரு? வயசு? எந்த ஊரு?” என்றார். குரல் தெரிந்து நிமிர்ந்தார். மத்தியான இடைவேளைவரை வேப்பமரத்தடியில் காத்திருந்தேன்.

விசாரணை கீழ்க்கண்டவாறு நடந்தது. இதில் ‘மேற்படி’ போடவில்லை. பெயர்களை முழுசாக எழுதுகிறேன்.

அஞ்சலட்டை எழுதியவர் சொர்ணம், தன் மனைவி என்றும், போன ஜூனில் இறந்துவிட்டார் என்றும் வைகுண்டம் கூறினார். ரூபி, “அந்தப் பச்சை நோட்டு?” என்று கேட்டார்.

எடைக்குப் போட்டுவிட்டதாக வைகுண்டம் கூறினார்.

“எப்ப?”

“நீங்க முதத் தடவை வர்றதுக்கு நாலு நாள் முன்னாடி.”

“தொறந்து பாக்கலயா?”

“ஒரு பக்கம் பாத்தேன். புள்ளியும் கோடுமா இருந்துச்சு.”

“எத்தன புள்ளி?”

“ஒம்பது. பதினொண்ணாவும் இருக்கலாம்.”

“அவங்க எந்த பஸ்ல போவாங்க?”

“கேட்டதில்ல.”

“திரும்பி வந்ததும் என்ன சொல்லுவாங்க?”

“கேட்டதில்லம்மா.”

“எதையுமே கேக்கலயா சார்?” கோபமாகக் கேட்கவில்லை. சீட்டு எழுதும் குரலிலேயே கேட்டார். அதைவிடக் கோபப்பட்டிருக்கலாம். “நல்லா யோசிங்க. வாசல்ல வந்து நிப்பாங்கல்ல. எப்படி இருப்பாங்க? கையில என்ன இருக்கும்?”

யோசித்தேன். முப்பது ஆண்டுத் தாம்பத்தியத்தில் முதல்முறையாக. “செருப்புல மண்ணு ஒட்டியிருக்கும். வீட்டுக்குள்ள வராத, வெளியவே உதறுன்னு சத்தம் போடுவேன்.”

“என்ன மண்ணு?”

“கறுப்பு. பிசுபிசுன்னு. நம்ம பக்கம் கெடையாது. கரிசல்.”

ரூபி புறநோயாளிச் சீட்டு ஒன்றைத் திருப்பி, பின்பக்கம் ‘கரிசல் மண்’ என்று எழுதினார். அதன் கீழே ஒன்பது புள்ளி வைத்தார். யோசித்துவிட்டு மேலும் இரண்டு வைத்தார்.

“கரிசல்னா நாலு தாலுகாம்மா,” என்றேன். “நானூறு ஊர் இருக்கும்.”

“ஒண்ணுமே இல்லாததுக்கு நாலு தாலுகா பரவால்ல சார்.”

மணி அடித்தது. அவர் எழுந்து போனார். வரிசையில் அடுத்த ஆளிடம் எந்த ஊர் என்று கேட்பது மரத்தடிவரை கேட்டது.

9 ஜூன், சனி

ஆண்டுத் திதி. ஐயர் வந்து போனார். சொர்ணத்துக்குப் பிடிக்கும் என்று வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். பிடிக்குமா என்று கேட்டதில்லை.

நாளை ரூபிக்கு விடுமுறை. காலை ஐந்து நாற்பது பேருந்து. முதல் தாலுகா. நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை.

செருப்பு, பெண்கள், ஒரு ஜோடி. கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பள்ளங்களில் கரிசல் காய்ந்து இறுகியிருக்கிறது. உதறவில்லை.

நி.மு.